உரப்பையில் ஏறிப்போன கணினி

போன கிழமை முழுக்க என் கைத்தொலைபேசிக்கு ஓய்வில்லை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஆனாலும் கிளிநொச்சியில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கணினி முகத்தைச் சுளித்தால், முதலில் அழைப்பு வருவது எனக்குத்தான். "ரெஜினா அக்கா, மவுஸ் செத்துப்போச்சு" என்றாள் ஒருத்தி. "வைரஸ் ஏறியிட்டுது" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு பாடசாலை அதிபர். எடுத்த எடுப்பிலேயே புதுக் கணினி வாங்க எவ்வளவு முடியும் என்று விலை கேட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடந்தது இவ்வளவுதான். நாங்கள் இங்கே பல அலுவலகங்களில் பாவிக்கும் அந்தத் திறந்த மூல மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. பழைய பதிப்பில் ஒரு கோப்புறையை ஒருமுறை தட்டினால் திறக்கும். புதியதில் இரண்டுமுறை தட்டவேண்டும். மென்பொருள் செய்கிறவர்கள் அந்த இயல்பு அமைப்பை, அதாவது நாம் ஒன்றும் சொல்லாதபோது கணினி தானாக நடந்துகொள்ளும் விதத்தை, மாற்றியிருக்கிறார்கள். வேண்டாமென்றால் அமைப்புகளுக்குள் போய் ஒரு நிமிடத்தில் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். அதற்குத்தான் இத்தனை ஒப்பாரி.

சிரித்தேன் என்று சொன்னேனே, அந்தச் சிரிப்புக்கு எனக்கு உரிமை உண்டா என்று கேட்டால் இல்லைதான். என் உத்தியோக காலத்தில் நான் கிழித்த கிழி இவர்களுடையதைவிடப் பெரியது. "அக்கா, அந்த உரப்பைக் கதையை ஒருக்கா எழுதுங்கோவன்" என்று நான் இருந்த அலுவலகத்தில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். எழுதிவிடுகிறேன்.

என் சொந்த ஊர் முல்லைத்தீவுக் கரை. அப்பா கடற்றொழில். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் குரல் பெரிசு. அலைச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரல். கோபமும் அப்படித்தான், சட்டென்று வரும், சட்டென்று போகும். கன்னியாஸ்திரிகளிடம் தட்டச்சுப் பழகினேன். பிறகு இடம்பெயர்வுகளுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கணினி பழகினேன். ஊர் திரும்பியபிறகு கிளிநொச்சியில் ஓர் ஆவண உதவி நிலையத்தில் வேலை கிடைத்தது. பிறப்புப் பத்திரம், காணிப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று எதையெதையோ தொலைத்துவிட்டு நிற்கும் சனத்துக்கு, மிச்சமிருக்கும் கடதாசிகளைப் படமெடுத்துப் பாதுகாத்து, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் இடம் அது. அங்கே ஐந்து பழைய கணினிகள் இருந்தன. அனுமதி வாங்கிப் பாவிக்கும் மென்பொருளுக்கு எங்களிடம் வழியில்லை. களவுப் பிரதி போட்டால் மாதத்துக்கொரு வைரஸ். அதனால் ஐந்திலும், யாரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த மூல மென்பொருளைத்தான் போட்டிருந்தோம்.

அதைப் போடச் சொன்னவர் எங்கள் பொறுப்பாளர் யோகநாதன் சேர். குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்கிற குடும்பம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். மெலிந்த மனிதர். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆரம்பத்தில் அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மனிசனென்றால் ஒருக்காலாவது கத்தவேண்டாமா?

ஏதாவது கணினி பிழைத்துவிட்டது என்று கூப்பிட்டால் அவர் செய்யும் காரியங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையின் இடப்பக்கம் வைப்பார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து இருப்பார். விசைப்பலகையை ஒரு சாண் தள்ளி வைப்பார். நீலமட்டைக் கொப்பியை விரித்து, அடிமட்டம் வைத்து இரண்டு கோடு கீறி, பக்கத்தை மூன்றாகப் பிரிப்பார். முதலாவதில் 'நேற்று' என்று எழுதுவார், இரண்டாவதில் 'இன்று', மூன்றாவதில் 'இடையில்'. நேற்று திரையில் என்ன கண்டோம், இன்று என்ன காண்கிறோம், இடையில் யார் எதைத் தொட்டது. மூன்றும் நிரம்பும்வரை அவர் விரல் விசைப்பலகையில் படாது. நாங்கள் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்போம். அவர் பனங்கட்டியை ஒரு கடி கடித்து வெறும் தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு எழுதுவார்.

அதன்பிறகு ஒரு கேள்வி கேட்பார். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"சாமானைக் காணேல்லையோ, சாமான் வைச்ச இடத்தைக் காணேல்லையோ?"

பத்தில் ஒன்பது தடவை இடம்தான் மாறியிருக்கும். பட்டியலில் ஒரு வரி கீழே போயிருக்கும், பொத்தான் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிருக்கும். இதைப் பார்த்துப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அவர் கடைப்பிடித்த விதிகள் மூன்று. புதிய பதிப்பைப் போடமுதல் எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் பிரதி எடு. மென்பொருள்காரர் எழுதிய பதிப்புக் குறிப்பை முழுக்க வாசி. போட்டபின் ஒரு கிழமைக்கு எதையும் பழையபடி மாற்றாதே, புதியதைப் பழகிப் பார். மூன்றையும் அச்சடித்துச் சுவரில் ஒட்டியவளும் நான்தான், மூன்றையும் ஒரே காலையில் மறந்தவளும் நான்தான்.

சத்தியவாணியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். சொந்த ஊர் பூவரசங்குளம், அப்போது கிளிநொச்சிப் பக்கம் இருந்தவள், முப்பது வயதிருக்கும். அவளுடைய தகப்பனுக்கு முன்பு அங்கே அரசாங்கம் ஒரு வீட்டுக்காணி கொடுத்திருந்தது. தகப்பன் இல்லை, பத்திரமும் இல்லை. காணி அனுமதிப்பத்திரம் கொடுக்கும் விசாரணையை எங்கள் பக்கத்தில் காணிக் கச்சேரி என்பார்கள். அந்தக் கச்சேரியில், தான் அந்த மனிதரின் மகள்தான் என்று அவள் காட்டவேண்டும். அதற்கு அவளிடம் மிஞ்சியிருந்தது ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை ஒன்று மட்டும். தகப்பனின் பெயர், அந்தக் காணியின் விலாசம், அடியில் தகப்பனின் கையெழுத்து. பொலித்தீன் பைக்குள் பல வருடம் கிடந்து பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அதை நான்தான் படமெடுத்தேன். படம் அருமையாக வந்தது. ஆனால் படமெடுக்கும் கருவியின் கண்ணாடியிலிருந்து கடதாசியைத் தூக்கும்போது அது என் கையிலேயே பிளந்து நாலாகிப் போனது. கையெழுத்து இருந்த மூலை பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. அவள் துண்டுகளைப் பொறுக்கி ஒரு கடித உறைக்குள் போட்டாள். "பயப்படாதை பிள்ளை, படம் இருக்கு. நான் பொறுப்பு" என்றேன். எங்கள் அச்சு இயந்திரத்துக்கு மை முடிந்திருந்தது, புதன்கிழமைதான் வரும். வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு வவுனியாவில் கச்சேரி. வியாழன் காலை வந்து அச்சுப் பிரதியை வாங்கிக்கொண்டு நேரே போவதாகப் பேச்சு.

அந்தப் படத்தை நான் எங்கே வைத்தேன்? எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் வைக்கிற இடத்தில்தான், கணினியைத் திறந்தவுடன் தெரியும் முகப்புத் திரையில். முன்மேசைக் கணினியின் முகப்பில் முன்னூறுக்கு மேற்பட்ட கோப்புகள் கிடந்தன. பின்னால் இருக்கிற படம் என்ன நிறமென்றே எங்களுக்குத் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் எங்களுக்கு நித்திரை வரும். சனத்தின் கடதாசிகள் அல்லவா!

வெளி வன்தட்டில் பிரதி எடுப்பது வெள்ளிக்கிழமைகளில். புதன் இரவு புதிய பதிப்பு தரவிறங்கி முடிந்திருந்தது. வியாழன் காலை ஏழரைக்கு அலுவலகம் வந்தேன். எனக்கு இந்தப் புதிய பதிப்பு என்றால் கிறிஸ்மஸ் மாதிரி, பொறுக்கவே முடியாது. நாளைக்குப் பிரதி எடுத்துவிட்டுப் போட்டால் என்ன? இல்லை, எனக்கு இன்றைக்கே பார்க்கவேண்டும். பிரதியும் எடுக்கவில்லை, குறிப்பும் வாசிக்கவில்லை, போடு என்று தட்டிவிட்டேன். முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்து, கடவுச்சொல் கேட்கும் பக்கம் பளிச்சென்று புது அழகோடு வந்து நின்றது. பரந்தனில் ஒரு பாடசாலையில் அன்று நடமாடும் சேவை. படமெடுக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு, உள்ளே நுழைந்து பார்க்காமலே, வாயெல்லாம் பல்லாக வெளிக்கிட்டேன்.

பத்து இருபதுக்குத் திரும்பி வந்தால் முன்மேசையில் திரை மட்டும் தனியாக நிற்கிறது. கணினிப் பெட்டி இல்லை. விசைப்பலகை இல்லை. வயர் ஒன்றுகூட இல்லை. திரையில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. 'அக்கா, எல்லாம் போய்விட்டது. உரப்பையில் போட்டு ஒன்பதே முக்கால் பஸ்ஸில் வவுனியாக் கடைக்குக் கொண்டுபோகிறேன். சத்தியவாணியும் வருகிறா. குகன்.'

குகன் எங்கள் எழுதுநர். நல்ல பொறுப்பான பிள்ளை. என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஒன்பது மணிக்குச் சத்தியவாணி வந்திருக்கிறாள். குகன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போயிருக்கிறான். முகப்புத் திரை துடைத்து வைத்ததுபோல் இருந்திருக்கிறது, ஒரு கோப்பும் இல்லை. எனக்கு நாலு தரம் அழைப்பு எடுத்திருக்கிறான். என் தொலைபேசி பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

இதைச் சொன்னால் வெளியாட்களுக்குச் சிரிப்பு வரும், எங்கள் ஆட்களுக்கு வராது. எங்களுக்கு ஒரு பழக்கம் எலும்பில் ஊறிப்போயிருக்கிறது. ஏதோ பிழை என்று தெரிந்தால் கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவது. நின்று யோசித்தவர்களைவிட வெளிக்கிட்டவர்கள் தப்பிய காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பத்திரங்கள் போட்ட பை இன்றைக்கும் கொழுவித்தான் இருக்கிறது. குகன் மூலையில் கிடந்த வெறும் உரப்பையை எடுத்து, கணினிப் பெட்டியை மேசை விரிப்பால் சுற்றி, விசைப்பலகை, மவுஸ், அத்தனை வயர், மவுஸ் ஓடும் அட்டைகூட மிச்சம் விடாமல் அடைத்துக் கட்டியிருக்கிறான். திரை பைக்குள் அடங்கவில்லை, அதனால் தப்பியது. ஒன்பதே முக்கால் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அந்தக் கடையை எனக்குத் தெரியும். எந்தக் கணினி போனாலும், என்ன பிரச்சினை என்று கேட்கமுதலே வன்தட்டைச் சுத்தமாக அழித்துவிட்டுத் தங்கள் மென்பொருளைப் போட்டுத் தருவார்கள். குகனுக்கு எடுத்தேன், தொலைபேசி வேலை செய்யவில்லை. சத்தியவாணிக்கு எடுக்கலாமென்றால் அவளுடைய இலக்கம் எங்கே? அந்தக் கணினிக்குள்! கடையின் இலக்கமும் அங்கேதான். கத்தினேன். யாரும் இல்லாத அறையில் நின்று குகனையும், மென்பொருள் செய்தவர்களையும், என்னையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அப்போதுதான் யோகநாதன் சேர் உள்ளே வந்தார். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்ததால் காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சேர், பஸ் போய்க்கொண்டிருக்கு. இப்ப கொப்பி எழுதவோ போறியள்?"

"பஸ் எத்தனைக்குப் புளியங்குளத்துக்குப் போகும்?" என்று கேட்டார்.

"பத்தே முக்கால், பதினொண்டு இருக்கும்."

"அப்ப எங்களுக்கு அரைமணித்தியாலம் கிடக்கு. இரும் ரெஜினா." நான் இருந்தேன். வேறு வழியில்லை. "இடையில என்ன நடந்தது? குகனுக்கு முதல் ஆர் தொட்டது?"

"நான்தான் சேர். புதுப் பதிப்பைப் போட்டனான்."

"பிரதி?"

"எடுக்கேல்லை."

"அவை எழுதின குறிப்பு?"

"வாசிக்கேல்லை."

அவர் ஒரு சொல் ஏசியிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தன் கைத்தொலைபேசியை என் பக்கம் தள்ளி, "இப்ப வாசியும்" என்றார்.

குறிப்பைத் தேடி எடுத்து உரத்து வாசிக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தார்கள். புதிய படங்கள், புதிய எழுத்துரு என்று போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. இந்தப் பதிப்பிலிருந்து முகப்புத் திரையில் கோப்புகளைக் காட்டும் வசதி இயல்பாக நிறுத்தப்படுகிறது என்று இருந்தது. நிறுத்தப்பட்டது காட்டுவது மட்டும்தான்! கோப்புகள் அவற்றுக்கான கோப்புறைக்குள் அப்படியே இருக்கும்.

கதிரையிலிருந்து துள்ளி எழும்பிவிட்டேன். "சேர்! சாமான் இருக்கு! சாமான் இருக்கு சேர்!"

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் அடுத்த நிமிடமே மறுபடி போகப் பார்த்தது. சத்தியவாணியின் தகப்பனுடைய கையெழுத்து அந்த உரப்பைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பை, அதை அழிக்கப்போகிற கடையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. திரை வெறுமையாக இருந்ததால் ஒன்றும் கெடவில்லை. நாங்கள் பயந்து ஓடியதால்தான் எல்லாம் கெடப்போகிறது.

சேர் அப்போது தன் தொலைபேசியில் ஓர் இலக்கத்தை அழுத்தினார். புளியங்குளம் சந்தியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கும் சின்னத்துரை அண்ணருக்கு. சேருடைய வயல் நெல்லில் குத்திய அரிசி அந்தக் கடைக்குத்தான் போவது. வவுனியா போகும் பஸ்கள் அங்கே பத்து நிமிடம் நிற்கும். இன்ன பஸ்ஸில் உரப்பையோடு ஒரு தம்பி வருகிறான், ஆளையும் பையையும் இறக்கி வையுங்கோ என்று சேர் சாவகாசமாகச் சொன்னார். அரிசியின் சுகத்தையும் விசாரித்தார். எனக்கென்றால் அந்தத் தொலைபேசியைப் பறித்துக் கத்தவேண்டும்போல் இருந்தது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க அழைப்பு வந்தது. சேர் ஒலிபெருக்கியில் போட்டார். பின்னால் பஸ் எஞ்சின், கோப்பை கழுவும் சத்தம், கொண்டக்டரின் முணுமுணுப்பு. பிறகு குகனின் குரல். "அக்கா, என்ர ஃபோன் சார்ஜ் இறங்கிப்போச்சு. நான் பிழை விட்டுட்டனோ?"

பிழை என்னுடையது என்றேன். இப்போது அதைப் பேச நேரமில்லை, சத்தியவாணி பக்கத்தில் நிற்கிறாளா என்று கேட்டேன். நிற்பதாகவும், கிளிநொச்சியிலிருந்து அழுதுகொண்டே வந்ததாகவும் சொன்னான். கணினி இருக்கிறது, திரை இல்லையே என்று நான் தலையில் கைவைத்தபோது சின்னத்துரை அண்ணர் குறுக்கே கேட்டார். "பிள்ளை, என்ர கடையில ரீவி ஒண்டு கிடக்கு. அது ஆகாதோ?"

ஆகாமல்! குகன் ஒரு வயரையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று சொன்னேன் அல்லவா. அந்தக் காலையில் அவன் செய்த அந்தப் பைத்தியக்காரத்தனம் இப்போது எங்களுக்குக் கைகொடுத்தது. குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைக் கழற்றிக் கணினிக்குக் கொடுத்தார்கள். வடை அலுமாரிக்கு மேல் விசைப்பலகையை வைத்தார்கள். தொலைக்காட்சியில் எங்கள் முன்மேசைக் கணினி எழும்பி நின்றது. பஸ்ஸில் வந்த சனம் இறங்கிக் கடைக்குள் வந்துவிட்டது, சாரதியும் வந்துவிட்டார். கொண்டக்டர் நேரம் நேரம் என்று கத்தினான். யாரோ அவனை இருக்கச் சொன்னார்கள்.

"ஒண்டுமில்லை அக்கா, வெறும் நீலம்" என்றான் குகன்.

"ஒண்டும் இருக்காது. பயப்படாதை. இடப்பக்கம் கீழே கொடி மாதிரிப் படம் போட்ட விசை இருக்கு, அதை ஒருக்கா அழுத்து. அலுமாரி மாதிரி ஒரு படம் வருதோ?"

"ஓம், வருது."

"அதைத் திற. இடப்பக்கப் பட்டியலில டெஸ்க்டொப் எண்டு ஒரு பேர் கிடக்கும். அதைத் தட்டு."

மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கடை முழுக்க ஓர் ஆரவாரம். "எல்லாம் கிடக்கு அக்கா! எல்லாம் கிடக்கு!" என்றான் குகன். சத்தியவாணியின் பெயரைத் தேடித் திறக்கச் சொன்னேன். திறந்தான். அந்தப் பெரிய தொலைக்காட்சியில் ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை முழுதாக விரிந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அவள் குரல்தான் கேட்டது. மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தகப்பன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு, "அப்பான்ர கையெழுத்து" என்றாள். அவ்வளவுதான்.

நான் அழுதேன். சேருக்கு முன்னால், வெட்கமில்லாமல், விக்கி விக்கி அழுதேன். அவர் பனங்கட்டிப் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சின்னத்துரை அண்ணர் தொலைக்காட்சியின் பக்கத்தில் செருகியிருந்த பாட்டுப் பென்ட்ரைவை உருவிக் கொடுத்தார். அதற்குள் படத்தைப் போட்டுக்கொண்டு சத்தியவாணி அதே பஸ்ஸில் ஏறினாள். வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அச்செடுத்தாள். இரண்டு மணிக்குக் கச்சேரியில் உறைக்குள் இருந்த துண்டுகளையும் அச்சுப் பிரதியையும் மேசையில் வைத்தாளாம். அதிகாரி ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பிரதிக்கு மேல் பொருத்திப் பார்த்தாராம். சில மாதத்தில் அனுமதிப்பத்திரம் வந்தது. பென்ட்ரைவை அவள் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அண்ணர் தேத்தண்ணீருக்குக் காசு வாங்கவில்லை என்று அறிந்தேன்.

குகன் உரப்பையோடு பின்னேரம் திரும்பி வந்தான். சேர் எங்கள் இருவரையும் இருத்தி, கொப்பியின் மூன்று பத்தியையும் எங்கள் கையாலேயே நிரப்பவைத்தார். ஏச்சு ஒன்றும் இல்லை.

எனக்கோ இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த வசதியைப் பழையபடி உடனே கொண்டுவரப் போனேன். சிறு துணைச் செயலியொன்றைப் போட்டால் ஆகும் வேலை. சேர் சுவரில் ஒட்டிய மூன்றாவது விதியைக் காட்டினார். ஒரு கிழமை பொறுத்தேன். வெறும் திரையைப் பார்க்கப் பார்க்க, கோப்புகளை ஊர்வாரியாக, பெயர்வாரியாகப் பிரித்து வைத்தால் என்ன என்று தோன்றியது. பிரித்தோம். முன்னூறு கோப்புக்குள் கண்ணால் துழாவிய காலம் போய், பெயரைச் சொன்னவுடன் எடுத்துக் கொடுக்கும் காலம் வந்தது. எனக்கே ஆச்சரியம்! பழைய வசதியைத் திரும்பக் கேட்க யாருக்கும் நினைவு வரவில்லை.

ஆனாலும் அந்த மென்பொருள்காரருக்கு ஒரு கடிதம் எழுதத்தான் செய்தேன். முதல் எழுதியதைச் சேர் வாசித்துவிட்டு, "இதில உம்மட கோபம் இருக்கு, அவைக்கு வேண்டிய விசயம் இல்லை" என்றார். அதையும் மூன்று பத்தியாகத் திருப்பி எழுதினேன். திரை வெறுமையானதைக் கண்டு நல்ல மனிதர் ஒருவர் கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார் என்று எழுதினேன். எங்கேயோ ஒரு தேசத்திலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் நன்றி சொல்லிப் பதில் போட்டார். அடுத்த பதிப்பின் குறிப்பில், முதல் பக்கத்திலேயே, தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. உங்கள் கோப்புகள் அழியவில்லை, இந்த இடத்தில் பாருங்கள் என்று. என் பெயர் அதில் இல்லை. ஆனால் அந்த வரி எங்கள் வரி! கிளிநொச்சியிலிருந்து போன வரி! அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். உலகத்தில் எவரும் வாசிக்கலாம், எவரும் திருத்தம் சொல்லலாம் என்று சேர் அதுவரை சொன்னதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று அழைப்புக்குமேல் அழைப்பு. ஐந்தாவது அழைப்போடு என் பொறுமை போய்விட்டது. வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்து, இந்த மனிதர்கள் ஏன் சும்மா கிடந்ததை மாற்றுகிறார்கள் என்று தனியே ஏசிக்கொண்டிருந்தேன். அப்போது சத்தியவாணியின் இலக்கம் ஒளிர்ந்தது. அவள் இப்போது பூவரசங்குளத்தில், அந்தக் காணியில் கட்டிய வீட்டின் முன் அறையில், தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்யும் கடை வைத்திருக்கிறாள். கணினியில் எங்களுடைய அதே மென்பொருள்தான். எடுத்தவுடனே, "பிள்ளை, ஒண்டையும் தொடாதை" என்றேன்.

"நான் தொடேல்லை அக்கா. ஒரு தட்டுக்குத் திறக்கேல்லை எண்டவுடனை கதிரையிலயே இருந்து அவையின்ர குறிப்பை வாசிச்சன். இப்ப ரெண்டு தட்டு. அவ்வளவுதான். கடையில ஆறு பேர் நிண்டவை. அவையையும் இருங்கோ எண்டு இருத்திப்போட்டன்."

"அப்ப ஏனம்மா எடுத்தனி?"

"உங்களுக்கு எல்லாரும் எடுப்பினம். நீங்கள் இப்ப எழும்பி நிண்டு கத்திக்கொண்டிருப்பியள் எண்டு நினைச்சன். அதுதான் எடுத்தனான்."

நான் எழும்பித்தான் நின்றுகொண்டிருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டுச் சாய்ந்து இருந்தேன்.